சுண்டுவிரலில் மரகதம்

புதன்கிழமை காலை ஆறு இருபது. மகளின் வலது சுண்டுவிரலில் மரகத மோதிரத்தை நான் திருகி ஏற்றியது அப்போதுதான். எல்லாம் கெட ஆரம்பித்ததும் அப்போதுதான். அன்று அதை நல்ல நேரம் என்று நினைத்தேன். சூரியன் உதித்த பிறகு ஒரு மணி நேரம் புதன் ஹோரை, அதற்குள் போட்டுவிட வேண்டும், போட்டால் ஒரு மண்டலம் கழற்றக் கூடாது என்று சோதிடர் சொல்லியிருந்தார்.

மகள் வங்கித் தேர்வை இரண்டு முறை எழுதித் தோற்றிருந்தாள். மூன்றாவது தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் பள்ளியில் கணக்கு நடத்துகிறவள். கிரகம், ராசிக்கல் என்று சக ஆசிரியைகள் பேசினால் சிரித்துவிட்டுப் போகிறவளாகத்தான் இருந்தேன். ஆனால் பிள்ளை சோற்றைப் பிசைந்து பிசைந்து, சாப்பிடாமலே கை கழுவுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது?

நாகர்கோவிலில் ஒரு கல் வியாபாரியிடம் போனேன். அவர் வெள்ளைத் தாளில் இரண்டு பச்சைக் கற்களை வைத்தார். மாசு மருவில்லாமல் தெளிவாக இருந்ததை நான் எடுத்தேன். அது கண்ணாடி என்றார். மற்றதை லென்சுக்கடியில் காட்டினார். சுசீந்திரத்தில் எங்கள் வயலில் பிடுங்கி நடத் தயாராக நிற்கும் நாற்றின் நிறம். உள்ளே குளத்துப் படியில் தண்ணீருக்கடியில் அசையும் பாசிபோல மெல்லிய இழைகள். இயற்கையான மரகதத்தில் அநேகமாக இது இருக்கும் என்றார். கத்தி பட்டாலும் லேசில் கோடு விழாதாம், ஆனால் ஓங்கித் தட்டினால் அந்த இழை வழியே பிளந்துவிடுமாம். இழை வெளியே தெரியாமலிருக்கக் கல்லுக்குள் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், சோப்பும் வெந்நீரும் பட்டால் எண்ணெய் இறங்கி வெளிறிப்போகும் என்றும் சொன்னார்.

இதையெல்லாம் வீட்டில் ஓயாமல் சொன்னேன். பாத்திரம் தேய்க்காதே, வெந்நீரில் கை விடாதே, கதவில் இடிக்காதே. அவள் குளியலறைக் கதவைச் சாத்தும்போதும் சொன்னேன்.

தட்டான் விரல் அளவு கேட்டபோது மகள் பயிற்சி வகுப்பில் இருந்தாள். என் சுண்டுவிரலைக் கொடுத்தேன். அவளுக்கு அப்படியே என் கை என்று எல்லோரும் சொல்வார்கள். அவளுடைய விரல் மூட்டு என்னுடையதைவிடத் தடிமன் என்பதை இருபத்திரண்டு வருஷத்தில் நான் கவனித்ததே இல்லை.

அன்று காலை மோதிரம் அந்த மூட்டில் நின்றுகொண்டது. அடுத்த புதன் அஷ்டமி. ஹோரை போய்க்கொண்டிருந்தது. தேங்காய் எண்ணெய் தடவித் திருகினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, ரொம்ப இறுக்கமாக இருக்கிறது என்றாள்.

"போகப் போகச் சரியாயிரும் மக்கா. கல்லு தோலத் தொட்டுக்கிட்டு இருக்கணும்லா?" என்றேன்.

மறுநாள் காலை அவள் இடது கையால் காப்பி டம்ளரைப் பிடித்திருந்தாள். வலது கை துப்பட்டாவுக்குள் இருந்தது. இழுத்துப் பார்த்தேன். மோதிரத்துக்கு மேலே விரல் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மோதிரம் சதைக்குள் புதைந்து, கல் மட்டும் வெளியே தெரிந்தது.

"ஏட்டி, சோப்புப் போட்டுக் கழட்ட வேண்டியதுதான?"

"நீதான சோப்பு படக்கூடாதுன்ன?"

எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "கழட்டின பொறவு பரீட்சையும் போச்சுன்னா, நீ என்ன சொல்லுவன்னு எனக்குத் தெரியும்."

அவளுடைய இடது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜெல்லி தடவி இழுத்துப் பார்த்தாள். நூலை விரலில் நெருக்கமாகச் சுற்றி உருவப் பார்த்தாள். மகள் அலறியதும் விட்டுவிட்டாள். டாக்டர் அந்தச் சுண்டுவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்த நகம் வெளுத்தபடியே நின்றது. ரத்தம் போகவில்லை, இப்படியே இருந்தால் விரலைக் காப்பாற்ற முடியாது என்றார். மோதிரம் வெட்டும் கருவி அங்கே இல்லை. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தார்கள்.

இப்போதும் வகுப்பில் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என் நகத்தை அழுத்தி அழுத்திப் பார்க்கிறேன். பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் கை நிற்க மாட்டேன் என்கிறது.

வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். சைரன் கேட்கும்போதெல்லாம் ஓடினேன், ஒவ்வொரு தடவையும் ஆம்புலன்ஸ்தான். தக்கலையில் வேலை பார்க்கும் என் கணவர் பஸ்ஸிலிருந்து திரும்பத் திரும்பப் போன் செய்தார். வீக்கம் குறைகிறது என்று பொய் சொன்னேன். மகள் கட்டிலில் கையை உயர்த்திப் பிடித்தபடி, "தீ ஒண்ணும் பிடிக்கலல்லா, மெல்லத்தான் வருவாங்க. நீ இரிம்மா" என்றாள். சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிக்கொண்டது. டியூப்லைட் வெளிச்சத்தில் கல் அழகாகவே இருந்தது. உள்ளே பாசிகூடத் தெரிந்தது.

கடைசியில் காக்கி உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். மூத்தவர் ஒரு சின்னக் கருவியை எடுத்தார். நாக்குபோல ஒரு தகடு, அதற்கு மேலே நாணயம் அளவில் பல்வைத்த சக்கரம். கல் இல்லாத உள்ளங்கைப் பக்கம் அறுத்துவிடலாம், ஆனால் வளையத்தை விரிக்கும்போது கல் தாங்காது, பரவாயில்லையா என்று மகளிடம்தான் கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். விரல் கறுத்துக்கொண்டிருக்கிறது, அப்போதும் என் சம்மதத்துக்குக் காத்திருந்தாள்.

"கல்லு போனாப் போட்டும். வெட்டுங்க" என்றேன். என் குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும்.

தகட்டை மோதிரத்துக்கடியில் நுழைக்கும்போது அவள் என் தோளைக் கடித்தாள். பொன் தூள் படுக்கை விரிப்பில் விழுந்தது. குறடுகளால் வளையத்தை விரித்தபோது அரிசியில் கல் கடிபட்டதுபோல ஒரு சத்தம். இரண்டு துண்டு. குனிந்து எடுக்க எனக்குத் தோன்றவில்லை. கூட வந்தவர் பஞ்சில் பொதிந்து என் கைப்பைக்குள் போட்டார். அங்கேயேதான் கிடக்கிறது.

மூத்தவர் நகத்தை அழுத்தினார். வெளுத்தது. விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். நானும் மூச்சை அடக்கி நின்றேன். அடியிலிருந்து மெதுவாக ஒரு நிறம் ஏறியது.

"பாத்தியா, செவப்பு வந்துட்டு" என்றார். "இனி போயி நல்லா சோப்புப் போட்டுக் கையக் கழுவு மக்கா."