அப்பாவின் காதுப் பெட்டி

சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்த காலையில் அப்பா முகம் கழுவுவதற்காகக் காதுக் கருவியைக் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்திருந்தார். கல்லடியில் இருந்த எங்கள் வீட்டில் அந்த ஜன்னலும் மிஞ்சவில்லை, வீடும் மிஞ்சவில்லை. நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாவிப் பக்கமாக ஓடினேன். பின்னால் வந்துகொண்டிருந்த அம்மா வந்து சேரவில்லை. அம்மா கூப்பிட்டிருந்தாலும் அப்பாவுக்குக் கேட்டிருக்காது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

அப்பா நெல் ஆலையில் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே இருபது வருடங்களுக்கு மேல் நின்று காதை இழந்தவர். கருவி இல்லாவிட்டால் முகத்துக்கு நேரே நின்று கத்தினால்தான் விளங்கும். எங்களுக்குத் தந்த தற்காலிக வீட்டுக்கு வந்தபின், புதிய கருவிக்கு ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்தோம். எங்களுக்கு முன்னால் நிறையப் பேர் இருந்தார்கள்.

நான் அப்போது டவுனில் ஒரு இன்டர்நெட் கடையில் வேலை செய்தேன். அதற்கு முன் ரேடியோ, டிவி திருத்தும் படிப்பு ஒன்றை முடித்திருந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். கடையில் ஆள் குறைந்த மத்தியான நேரங்களில் எலக்ட்ரோனிக்ஸ் பொழுதுபோக்குக்காரர்கள் கூடும் ஒரு இணையத்தளத்தைப் படிப்பேன். ஒருநாள் துணிந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீசில் எழுதினேன்: அப்பாவுக்குக் காது கேட்காது, உப்புத்தண்ணி பட்டுப் பழுதான ரேடியோக்களும் டெலிபோன்களும் என்னிடம் இருக்கின்றன, அவற்றில் இருந்து ஏதாவது செய்ய முடியுமா?

முதலில் வந்த பதில், முழு வேலையையும் இலவசமாகக் கேட்பவர்களுக்கு இது இடமில்லை, கூலிக்கு ஆள் தேடுவதற்கு வேறு பக்கம் இருக்கிறது என்றது. இரண்டாவது ஒரு முதியவரிடமிருந்து வந்தது. குளிர் நாடு ஒன்றில் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். "நான் செய்து தரமாட்டேன். நீ செய், நான் கூட நிற்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

சொன்னபடியே நின்றார். மின்சுற்றுப் படத்தை முழுதாகத் தராமல் பகுதி பகுதியாகத் தந்தார். ஒவ்வொன்றையும் அளந்து எத்தனை வோல்ட் என்று எழுதினால்தான் அடுத்ததுக்குப் போவார். நான் பிழையாக அளந்ததைக்கூட எப்படிப் பிழையானது என்று சிரத்தையாக விளக்குவார். மைக்கை ஒரு செத்த டெலிபோனில் இருந்து கழற்றினேன். முதலில் அது காதுக்குப் பக்கத்தில் வந்தாலே விசிலடித்தது. மைக்கையும் காதையும் தூரப்படுத்து என்றார் அவர். அதனால் மைக், பற்றரி எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்து, அதை அப்பாவின் சட்டைப்பையில் போட்டு, அங்கிருந்து ஒரு வயரைக் காதில் செருகும் இயர்போனுக்குக் கொண்டுபோனேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பெட்டியின் பக்கத்தில் ஒரு சின்னச் சக்கரம் இருந்தது.

இடையில் இன்னொருவர் எனக்குத் தனியாக எழுதினார். காதுக்குப் பின்னால் மறையும் சின்னப் பழைய கருவி ஒன்றைச் சரிப்படுத்தி அனுப்புகிறேன், கூலி தரவேண்டும் என்றார். கேட்டது அநியாயமான தொகையில்லை. நான் வேண்டாம் என்றேன். என் கையால் செய்யவேண்டும் என்ற ஆசை எனக்கு.

முதல்முறை பெட்டியைப் போட்டபோது அப்பா கிறுகிப் பின்னால் பார்த்தார்.

"ஆர் அது கதவத் திறக்கிற?"

"பக்கத்து வீட்டுக் கதவு அப்பா."

"அது வரைக்கும் கேக்குதே, புள்ள."

சில மாதம் நன்றாகப் போனது. ஆலைக்குத் திரும்பப் போனார். யாராவது பேசுவது விளங்காவிட்டால் பைக்குள் கையை விட்டுச் சக்கரத்தைத் திருப்பிக்கொள்வார். அது அவருக்குப் பழக்கமாகிவிட்டது.

பிறகு ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை திரும்பத் தொடங்கியது. சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் பஸ்ஸில் இருந்து எல்லாரையும் இறக்கி வரிசையில் நடக்கவிட்டுச் சோதிப்பார்கள். ஒரு காலையில் நானும் அப்பாவும் ஒன்றாகப் போனோம். நான் பெண்களின் வரிசையில் நின்றேன். அப்பாவைச் சோதித்த சிப்பாய்க்கு மீசைகூடச் சரியாக அரும்பவில்லை. அவன் கை அப்பாவின் பையில் பட்டது. பெட்டியைத் தடவினான். வயரைக் கண்டான். குண்டு என்று சிங்களத்தில் கத்திக்கொண்டு பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். சனம் எல்லாம் நிலத்தில் விழுந்தது.

அவன் கத்தியது அப்பாவுக்கு விளங்கவில்லை. வழக்கம்போலச் சத்தத்தைக் கூட்டுவதற்காகப் பைக்குள் கையை விட்டார்.

"அப்பா, கைய எடுங்க" என்று நான் கத்தினேன். என் குரல் மட்டும் எப்படியோ அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. கையை எடுத்தார். சிப்பாய் துவக்கைத் தாழ்த்தவில்லை.

அப்பாவை முழங்காலில் இருத்தினார்கள். வயரை வெட்டிப் பெட்டியை எடுத்துக்கொண்டார்கள். யார் செய்தது என்று கேட்டபோது நான்தான் என்றேன். மத்தியானம் வரை என்னை ஒரு தகரக் கொட்டிலில் வைத்து விசாரித்தார்கள். எங்கே படித்தாய், யார் சொல்லித் தந்தது? வெளிநாட்டில் ஒருவர் என்று சொன்னால் இயக்கத் தொடர்பு என்பார்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. புத்தகம் பார்த்துச் செய்தேன் என்றேன். எங்கள் பகுதி அரச அலுவலரான கிராம சேவகர் வந்து எங்களுக்குப் பொறுப்பாகக் கையெழுத்து வைத்த பிறகு விட்டார்கள். பெட்டியைத் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒன்றே ஒன்று சொன்னார். "இனி எனக்கு ஒண்டும் செய்யாத." ஆலைக்கும் போகாமல் நின்றுவிட்டார். வெளியே போகவேண்டி வந்தால் கழுத்தில் தொங்கவிடுவதற்கு, 'காது கேளாது' என்று சிங்களத்தில் மட்டை ஒன்று எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை அந்த முதியவர் எழுதியிருந்தார். அப்பாவுக்கு இப்போது எப்படிக் கேட்கிறது என்று கேட்டிருந்தார். கடையில் எனக்குப் பின்னால் யார் யாரோ நின்றார்கள். நடந்ததை அங்கே எழுத முடியாது. நன்றாகக் கேட்கிறது, நன்றி என்று எழுதினேன். அவர் சந்தோசப்பட்டு, என் கதையைத் தளத்தில் எல்லாருக்கும் தெரியும்படி போட்டுவிட்டார். முன்பின் தெரியாதவர்கள் வாழ்த்தினார்கள். தன் தாய்க்கு அதே போலச் செய்யவேண்டும், வழிகாட்டுங்கள் என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

எனக்கு அவரிடம் கேட்க ஒரு கேள்விதான் வந்தது. வயர் வெளியே தெரிந்தால் உங்கள் ஊரில் பரவாயில்லையா என்று எழுதினேன். ஏன், அதனால் என்ன என்று கேட்டார் அவர். விளக்க வழியில்லாமல் மின்சுற்றுப் படத்தை மட்டும் அனுப்பினேன். அதற்குப் பிறகு அந்தத் தளத்துக்குப் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

சண்டை முடிந்தது என்று ரேடியோ சொன்ன வருடம், முதியவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பொய் சொன்னதற்கு மன்னிப்பும் கேட்டேன். சில நாள் கழித்துப் பதில் வந்தது. கோபம் இல்லை. வயரே இல்லாத, காதுக்குள் வைக்கும் சின்ன ஒன்றைத் தன் செலவில் அனுப்பலாம், முதலில் அப்பாவிடம் கேட்டுச் சொல் என்றிருந்தார்.

அப்பா வாசலில் இருந்து, பக்கத்து வீட்டுக்காரரின் வலை வெயிலில் காய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் குந்தியிருந்து, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன். விளங்கியது.

"சண்டை முடிஞ்சிட்டெண்டுதான் சொல்றாங்க. அது அவங்களுக்குத் தெரியும். எனக்கு எப்பிடித் தெரியும்? வேணா புள்ள."

"இது வெளியில தெரியாது அப்பா."

"ஓம், தெரியாதுதான். வேணா."

இரண்டு முறை கேட்டேன். மூன்றாம் முறை கேட்கப் போனபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் முகத்தைத் திருப்பிவிட்டால் நான் சொல்லும் எதுவும் அவருக்குப் போய்ச் சேராது. நான் சோறு போட எழும்பினேன்.