பருப்பு வேகும் கேஸ்

தடித்த வார்ப்பிரும்பை வெல்டிங்கில் பற்றவைக்கும் முன் சூடேற்ற எந்தக் கேஸ் நல்லது என்று யார் கேட்டாலும், எல்பிஜி என்றுதான் சொல்வேன். அசிட்டிலின் சுடர் ஊசிபோல ஓரிடத்தில் குத்தும். அந்த இடம் பழுத்துவிடும். ஒரு சாண் தள்ளித் தொட்டால் இரும்பு குளிர்ந்தே இருக்கும். அப்படிப் பற்றவைத்தால் ஆறும்போது விரிசல் விடும். எல்பிஜி சுடர் அகலமானது. நேரம் எடுத்தாலும் முழுப் பொருளையும் சூடாக்கும். இதைக் கல்லூரியில் படித்தேன், தொழிற்சாலையில் பல வருடம் செய்தேன். ஓய்வுபெற்று நல்லம்பள்ளியில் பட்டறை போட்டபோதும் மறக்கவில்லை. தெரிந்தேதான் தவறு செய்தேன்.

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா, வெல்லம் காய்ச்சும் தன் கரும்பு ஆலையின் பல்சக்கரத்தை டெம்போவில் ஏற்றி வந்திருந்தார். சக்கரத்தின் ஆரக்கால் ஒன்றில் விரிசல்.

"வெட்டின கரும்பு களத்துல கெடக்குதுங்க. காஞ்சா பாகு எறுகாது. நாளைக்கு ஆலை ஓடணும்" என்றார்.

நான் எல்பிஜி சிலிண்டரை உருட்டி வந்தேன். அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏங்க, எங்க வூட்டு அடுப்புல எரியற கேஸுதானுங்களே இது? இதுல பருப்பு வேவும். பல்சக்கரம் காயுமா?"

டெம்போக்காரர் சிரித்தார். "பட்டறை ஐயா சாம்பாரும் வெப்பாருங்க போல." அந்த அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

இந்த இரும்புக்கு இதுதான் சரி என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சொல்லவில்லை. அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்றது. எல்பிஜியை ஓரமாக வைத்துவிட்டு அசிட்டிலினைத் திறந்தேன். நீலச் சுடர் சீறியதும் அந்த அம்மாவுக்கு நம்பிக்கை வந்தது. போதிய சூடு ஏறினால் உருகும் சாக்குக்கட்டி ஒன்று உண்டு; அதை விரிசலின் மேல் தேய்த்தேன், சட்டென்று உருகியது. சுடரை விலக்கிச் சற்றுப் பொறுத்துத் தேய்த்திருந்தால் உருகியிருக்காது. அதுவும் எனக்குத் தெரியும்.

பற்றவைத்து முடித்து, சக்கரம் ஆறிக்கொண்டிருந்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம். பற்றவைப்பை ஒட்டிப் புதிய விரிசல், பழையதைவிட நீளமாக.

"என்னங்க ஆச்சு?"

"இரும்பு பழசும்மா" என்றேன்.

அவர் நம்பினார். "எங்க மாமனார் காலத்துச் சக்கரம்ங்க, அதுவும் எவ்வளவுதான் தாங்கும்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. பற்றவைத்ததை முழுவதும் அரைத்து எடுத்தேன். எல்பிஜியில் சக்கரத்தை முழுக்கச் சூடேற்றி, சிறிது சிறிதாகப் பற்றவைத்து, மெல்ல ஆறட்டும் என்று சாம்பலில் புதைத்தேன். கைபொறுக்கும் சூட்டுக்கு வர மறுநாள் சாயங்காலமாகிவிட்டது. அதற்கு அடுத்த நாள் நானே கொண்டுபோய் மாட்டினேன். ஆலை ஓடியது. களத்துக் கரும்போ சுருங்கிவிட்டிருந்தது. பாகு கறுத்து, உருண்டை பிடிக்க வராமல் கையில் ஒட்டியது.

அங்கேயே சொன்னேன். "இரும்பு மேல தப்பில்லம்மா. எனக்கு எது சரின்னு தெரியும். நீங்க ரெண்டு பேரும் சிரிச்சதும் மாத்திட்டேன்."

கொப்பரையைக் கிளறிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"நாங்க படிக்காதவங்க, சிரிச்சோம். நீங்க ஒரு அதட்டுப் போட்டிருக்கலாமில்லீங்க?"

போகும்போது ஒரு தூக்குப்போசி நிறைய அந்த இளகிய வெல்லத்தைக் கொடுத்தார். "விக்காதுங்க இது. நீங்களே சாப்புடுங்க."

சாப்பிட்டேன். காப்பியில் போட்டால் லேசான புளிப்பு. போசி காலியாகும்வரை வேறு இனிப்பு சேர்த்துக்கொள்ளவில்லை.