ஆளுக்கொரு துண்டு

இரண்டு எம்.ஏ. படித்த எனக்கு ஒரு பீப்பாயின் பெயரைப் படிக்கத் தெரியவில்லை.

எண்ணூரில் ஒரு ரசாயனக் கிடங்கில் எழுத்தராக இருந்தேன். ஒருநாள் பீப்பாய் கசிந்து, சுமைதூக்கும் தாஸின் இரண்டு கண்ணிலும் தெறித்துவிட்டது. குழாயடியில் கண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கெமிக்கல்? பேரைச் சொன்னாத்தான் வைத்தியம் பண்ண முடியும்," என்றார் தொலைபேசியில் டாக்டர்.

பீப்பாய் மேல் இடைவெளியே இல்லாத பதினெட்டு ஆங்கில எழுத்துகள். "டைத்... டைத்தி..." என்று திக்கினேன்.

"தள்ளு நைனா!" ரிசீவரைப் பிடுங்கினார் மேஸ்திரி ஆரோக்கியம். அந்தப் பீப்பாயைத் தூக்கும்போது சுமையாட்கள் நால்வரும் ஆளுக்கொரு துண்டாக அதன் பெயரைக் கத்துவார்கள். அதே தாளத்தில் சொன்னார்: "டை... எத்திலீன்... ட்ரை... அமீன்!"

டாக்டருக்குப் புரிந்தது. கண் பிழைத்தது. எனக்கும் மூச்சு வந்தது. கூடவே கொஞ்சம் அடக்கமும்.

கண்கட்டை அவிழ்த்த அன்று எதிரில் நின்று, "தெரியுதா தாஸ்?" என்றேன்.

"சோக்கா தெரியுது சார். மொதமொதல்ல உன் மூஞ்சியப் பாத்ததுதான் பேஜாரு."