பக்கத்தின் அடியில் ஒரு விமானம்

இன்று காலை குரோருட் நிலையத்தில் ரயில் ஏறி உட்கார்ந்து, கைபேசியில் கத்தரிக்காய்க் குழம்புச் செய்முறை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தேன். புளி எவ்வளவு என்று பார்க்கத் திரையைத் தள்ளினால் புளியைக் காணவில்லை, ஒரு சோடி மழைச் சப்பாத்து வந்து நின்றது. நேற்று ஒரு கடையின் தளத்தில் பார்த்துவிட்டு, விலை கட்டாது என்று விட்டுவந்த அதே நாவல் நிறச் சப்பாத்து. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கும், சிரித்துவிட்டுப் போயிருப்பீர்கள். நான் கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தேன்.

பெட்டி முழுக்க நனைந்த கம்பளி மணம். அந்த மணம் என்னை எப்போதும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகும்: நான் முதன்முதல் வேலை பார்த்த சிறுவர் பள்ளியின் சமையலறை. பக்கத்து அறையில் பிள்ளைகளின் கையுறைகளைக் காயவைக்கும் அலுமாரி ஒன்று நாள் முழுக்க இரைந்துகொண்டிருக்கும். அதனருகில்தான் தமிழ்த் தாய்மார் என்னை மறிப்பார்கள். கையில் பள்ளியோ நகரசபையோ அனுப்பிய நோர்வேஜியக் கடிதம் ஒன்று இருக்கும். ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு விளங்கப்படுத்திக் களைத்துப்போய்த்தான் நான் ஓர் இணையதளம் தொடங்கினேன். எந்தக் கடிதத்தில் எந்தச் சொல் வரும், அதற்கு என்ன பொருள், எத்தனை நாளுக்குள் பதில் போடவேண்டும் என்று தமிழில் எழுதினேன். என் சேவை மனப்பான்மையைப் பிறகு ஒருவர் மேடையில் புகழ்ந்தார். உண்மையில் அது தொண்டை நோவு.

தளத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கியதும் என் கணவர் குமரன் விளம்பரம் போடலாம் என்றார். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதற்கேற்ற விளம்பரத்தைத் தானே தேடிப் போடும் நிறுவனங்கள் அப்போது பல இருந்தன. நாங்கள் ஒரு சிறு துண்டு கணினி நிரலைத் தளத்தில் ஒட்டிவிட்டால் போதும். எது நல்லது என்று பார்க்க மூன்றைத் தெரிந்தெடுத்து, கிழமைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போட்டு, கொப்பியில் குறித்து வைத்தேன். பெரிய ஆராய்ச்சிக்காரி என்ற நினைப்பு.

முதலாவது நிறுவனம் தமிழ் எங்களுக்குத் தெரியாது என்று ஒரு வரியில் கைவிரித்தது. இரண்டாவதற்கும் தமிழ் தெரியாது, ஆனால் இடையில் கிடக்கும் நோர்வேஜியச் சொற்களை மட்டும் பொறுக்கி வாசிக்கும். பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகும் பாண் பொதிக்கு இங்கே மாட்பக்கெ என்று பெயர். அதைப் பற்றி எழுதிய பக்கத்தில் பார்சல் அனுப்பும் கம்பனிகளின் விளம்பரம் வரிசையாக வந்தது. பக்கெ என்றால் பார்சலாம். அமத்தினால் எனக்குக் காசு வரும் என்ற பாசத்தில் குமரன் அவற்றை ஒவ்வொன்றாக அமத்திக்கொண்டிருப்பார். சொந்தக்காரர் அமத்தினால் கணக்கை மூடிவிடுவார்கள் என்று ஒப்பந்தத்தில் இருந்ததைக் காட்டி அவரைக் கணினிப் பக்கமே வரவிடாமல் வைத்திருந்தேன்.

மூன்றாவது கெட்டிக்கார நிறுவனம். பொருத்தமான விளம்பரம், கூடுதலான வருமானம். கொப்பியில் அதற்கு நேரே இரண்டு சரி போட்டேன். எப்படி இவ்வளவு பொருத்தம் என்று நான் யோசிக்கவில்லை.

அந்தக் கிழமைதான் சாந்தி அக்கா தொலைபேசி எடுத்தார். முன்பின் தெரியாதவர், தளத்தில் என் இலக்கத்தைப் பார்த்து எடுத்திருந்தார். ட்வெய்ட்டாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தோடு அறை எடுத்துத் தங்கியிருந்தார். அவருடைய அகதி விண்ணப்பத்துக்கு அவ்ஸ்லாக் வந்திருந்தது. நிராகரிப்புக்கு இங்கே அதுதான் சொல். எங்கள் தளத்தில் மிகக் கூடுதலாக வாசிக்கப்பட்ட பக்கமும் அதைப் பற்றியதுதான்.

"தங்கச்சி, உங்கடை பக்கத்துக்குக் கீழை ஒரு பிளேன் நிக்குது. கொழும்புக்கு ஒருவழி ரிக்கற் எண்டு போட்டிருக்கு. இது விசாக் கந்தோர்க்காரர் எனக்கு அனுப்பினதோ?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம். அது விளம்பரம் அக்கா, கொழும்பு என்ற சொல் பக்கத்தில் இருப்பதால் வந்தது, அது பக்கத்தைத்தான் வாசிக்கும், உங்களை வாசிக்காது என்று சொன்னேன். அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். ஊரில் தாய்க்கு ஏலாமல் கிடக்கிறது. மனம் கேட்காமல் முந்தநாள் அந்த வீட்டுக் கணினியில் ரிக்கற் விலை பார்த்திருக்கிறார். வாங்கவில்லை, சும்மா பார்த்தார்.

"நான் போகப் பாத்தனான் எண்டு தெரிஞ்சால், அங்கை உனக்குப் பயமில்லைத்தானே எண்டு கேப்பினம். என்ரை கேஸ் முடிஞ்சுது."

ஒருவருக்கும் தெரியாது என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லி வைத்தேன்.

அன்று மத்தியானம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, எதற்கும் பார்ப்போம் என்று அதே பக்கத்தைத் திறந்தேன். விமானம் இல்லை. அந்த இடத்தில் மகளுக்கு வாங்கலாமா என்று நான் பார்த்துவைத்த மழை அங்கி தொங்கியது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்படுவது பற்றிய பக்கத்தில் மழை அங்கிக்கு என்ன வேலை? ஒப்பந்தத்தை முதல் தடவையாக முழுதாக வாசித்தேன். நடுவில் ஒரு வரி: பக்கத்தின் உள்ளடக்கத்தோடு, வாசகரின் முந்தைய தேடல்களையும் கவனத்தில் எடுப்போம். சம்மதம் என்று அமத்தியது நான்தான்.

அக்காவுக்கு அடித்தேன், எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. வேலை முடிந்த கையோடு ட்வெய்ட்டாவுக்குப் போனேன். வீட்டுக்காரி கதவைத் திறந்து, முதல்நாள் பின்னேரமே அக்கா ஒரு பையோடு போய்விட்டதாகச் சொன்னாள். கணினியில் சமையல் குறிப்புப் பார்த்துக்கொண்டிருந்தவராம். திடீரென்று எழும்பிப் போய், கணினியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டாராம். சமையல் பக்கத்திலும் அந்த விமானம் வந்திருக்கிறது என்று எனக்கு உடனே விளங்கியது. அங்கே கொழும்பும் இல்லை, நிராகரிப்பும் இல்லை. நான் சொன்னது பொய் என்று அவர் தனியாக இருந்து கண்டுபிடித்திருக்கிறார்.

வீட்டுக்காரி ஒரு கடித உறையை என் கையில் தந்தாள். சட்டத்தரணியிடமிருந்து அக்காவுக்கு வந்தது. உறை ஒட்டியிருந்தது. மேன்முறையீட்டுக்குக் கையெழுத்துக் கேட்கும் தாளாகத்தான் இருக்கும், கெடுவும் போய்க்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும், இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று தெரியாது. மற்றவர் கடிதத்தைப் பிரிக்கவும் பயம், பிரிக்காமல் விடவும் பயம். மூன்று நாள் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தண்ணீரில் ஓர் ஆள் விழுவதுபோலக் கனவுகள் வந்தன. பள்ளிப் பிள்ளைகளின் கஞ்சியை இரண்டு தரம் அடிப்பிடிக்க விட்டேன். பனியில் எங்கே நிற்கிறார், ஏரிக் கரைப் பக்கம் போனாரோ என்று மனம் போகக்கூடாத இடமெல்லாம் போய் வந்தது.

நாலாம் நாள் தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. லில்லெஸ்ட்ரோமில் ஒரு சிநேகிதி வீட்டில் இருப்பதாக அக்கா சொன்னார். அடுத்த ரயிலில் போனேன். அந்த வீட்டுச் சமையலறையில் திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு இருந்தார். நான் நினைத்ததை விட இளையவர், என்னை விட இரண்டு மூன்று வயதுதான் கூட. வரும் வழியெல்லாம் இன்னொரு பொய்யைக் கட்டிக்கொண்டு வந்தேன். அவர் முகத்தைக் கண்டதும் அது வாயில் வரவில்லை.

"அக்கா, நான் சொன்னது பிழை. அது உங்களைப் பாத்ததுதான். அரசாங்கம் இல்லை, கடைக்காரர். ஆனால் பாத்தது."

அக்கா கோபிக்கவில்லை.

"அப்ப எனக்கு விசர் இல்லை," என்றார்.

உறையைப் பிரித்தோம். நாளையோடு மேன்முறையீட்டுக் கெடு முடிகிறது. அவர் கையெழுத்து வைக்கும்போது தாளை நான் பிடித்துக்கொண்டேன். கடைசி நாளில் சட்டத்தரணியின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்கே மூன்றாவது நிறுவனத்தின் நிரலைத் தளத்திலிருந்து பிடுங்கினேன்.

விசா கிடைக்க இரண்டு குளிர்காலம் சென்றது. ரிக்கற் பற்றி எந்த அலுவலகத்திலும் ஒருவரும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தாய் அதற்குள் ஊரில் காலமாகிவிட்டார். விலையை மட்டுந்தான் பாத்தனான் என்று துக்கம் விசாரிக்கப் போன என்னிடம் அக்கா சொன்னார்.

மாட்பக்கெயைப் பார்சல் என்று வாசித்த அந்த மொக்கு நிறுவனத்தையே பிறகு வைத்திருந்தேன். ஒரு வசந்த காலத்தில் அதைப் பெரிய கம்பனி ஒன்று வாங்கிக்கொண்டது. அடுத்த கிழமையிலிருந்து அதற்கும் எல்லாம் தெரிந்திருந்தது. தளத்தை மூடினேன். அந்தச் சிறுவர் பள்ளியையும் இடித்துவிட்டார்கள். இப்போது கடிதங்களும் கைபேசிக்குள் வருகின்றன. யாரும் தாளை நீட்டிக்கொண்டு என்னை மறிப்பதில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஓர் ஆசையை ஒருவருக்கும் தெரியாமல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மூடிவைக்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. அது எந்த நாளில் முடிந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.