சம்பந்திக்குக் கொடுத்த குதிரை

மகளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோது ஜாதகம் பொருந்த வேண்டும், பையனுக்குக் கெட்ட பழக்கம் இருக்கக் கூடாது, மாமியாருக்கு வாய் கொஞ்சம் அடக்கமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் யோசித்தோம். வரப்போகிற சம்பந்திக்குச் செஸ் ரேட்டிங் இருக்குமா என்று மட்டும் யாரும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் நான் வேறு இடம் பார்த்திருப்பேன்.

எனக்குப் புதுச்சத்திரம் பக்கம் கோழிப்பண்ணை. காலையில் தீவனம், மதியம் முட்டை லோடு, சாயங்காலம் செஸ். ஃபோனில் இருக்கும் எஞ்ஜினோடு ஆடுவேன். ஆள் இல்லாமல் தானாகவே காய் நகர்த்தும் புரோகிராமை எஞ்ஜின் என்பார்கள். அதற்குக் கோபம் வராது, கை நடுங்காது, கோழிக்குச் சீக்கு வந்துவிட்டதென்று நடுவில் எழுந்து போகவும் போகாது. நம்மைச் சப்பையாகத் தோற்கடித்துவிட்டு, ‘மறுபடியும் ஆடலாமா?’ என்று கேட்கும். அந்தக் கேள்வியில் ஒரு நக்கல் இருக்கிறது. இல்லை என்று சொல்பவர்கள் அதனிடம் ஒழுங்காகத் தோற்றதில்லை. ஒருமுறை ஃபோனைத் தீவன மூட்டை மேல் வீசியே விட்டேன்.

மனிதர்களோடு ஆட ஓப்பன் டோர்னமென்டுகளுக்குப் போவேன். சேலம், ஈரோடு, கரூர் என்று எங்கே நடந்தாலும் போய்விடுவேன். ஓப்பன் என்றால் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். அதனால் எனக்கு எதிரில் வந்து உட்காருவது பெரும்பாலும் கழுத்தில் தண்ணீர் பாட்டில் தொங்கும் பள்ளிப் பிள்ளைகள். என்னை ஒரு மூலையில் வைத்து நசுக்கிவிட்டு, எழுந்து கைகொடுத்து, “தேங்க் யூ அங்கிள்” என்பார்கள். தோற்றதைத் தாங்கலாம், அந்த அங்கிளைத் தாங்க முடியாது.

இத்தனை அலைச்சலும் ரேட்டிங்குக்காகத்தான். ரேட்டிங் என்பது ஓர் எண். ஏற்கெனவே ரேட்டிங் உள்ளவர்களோடு ஆடிப் போதுமான அளவு ஜெயித்தால் நமக்கும் அந்த எண் கிடைக்கும், உலகப் பட்டியலில் பெயர் ஏறும். எனக்குப் பல வருடமாக அது மயிரிழையில் கைநழுவிக்கொண்டே இருந்தது. காரணம் என் குதிரைகள் என்று மகள் சொல்வாள். செஸ்ஸில் சமயம் பார்த்து எந்தக் காயையும் விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும். நான் ராணியைக்கூடக் கொடுப்பேன், குதிரையைக் கொடுக்க மாட்டேன். ஏனென்று கேட்டால் பதில் கிடையாது, அப்படியே பழகிவிட்டது. “அப்பா பண்ணையக்கூட எழுதிக் குடுத்துருவாரு, குதிரையக் குடுக்க மாட்டாரு” என்று உறவுக்காரர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

அவளுக்கு வந்த வரன்கள் எல்லாம் ஏதாவது ஒரு காரணத்தால் தட்டிப்போயின. பாதியை ஜாதகம் தட்டியது, மீதியை அவளே தட்டினாள். கடைசியாகத் திருச்செங்கோட்டிலிருந்து ஒரு இடம் வந்தது. ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் குடும்பம். பையனோடு பேசிவிட்டு வந்தாள். அன்று முழுக்கக் காரணமில்லாமல் சிரித்த முகமாக இருந்தாள். என் மனைவி அதைப் பார்த்து அடுப்படியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்த இடம் மட்டும் தட்டிப்போகக் கூடாதென்று நானும் வேண்டிக்கொண்டேன்.

பையனின் அப்பா பெண் பார்க்க வந்த அன்றே எங்கள் கூடத்தில் இருந்த செஸ் பலகையைப் பார்த்துவிட்டார். ஜாதகம், நாள், மண்டபம் எல்லாம் அப்படியே நின்றுபோனது.

“ஆடுவீங்களா?”

“ஏதோ ஆடுவேனுங்க.”

“ரேட்டிங் எவ்வளவுங்க?”

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு ரேட்டிங் என்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் என்னிடம் ஏதோ ஒன்று இல்லை என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

“இன்னும் வரலீங்க.”

“அதனால என்னங்க, வரும்” என்றார் பெரிய மனதோடு. பிறகு தன்னுடையதைச் சொன்னார். கிளம்பும்போது, “நாங்க எதையும் எதிர்பாக்கலீங்க, பொண்ணக் குடுத்தாப் போதும்” என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் அந்த ‘வரும்’ எனக்குள் முள்ளாகத் தைத்து நின்றது.

உப்புச்சர்க்கரை மாற்றிக்கொள்ள நாள் குறித்தோம். எங்கள் பக்கம் சம்பந்தத்தை உறுதி செய்வது அந்த நாளில்தான். அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் ஒரு கல்லூரியில் ஓப்பன் டோர்னமென்டின் கடைசி நாள். அவரும் வந்திருந்தார். இடைவேளையில் ஒன்றாக டீ குடித்தோம். காசை யார் கொடுப்பதென்று கடைக்காரரை வைத்துக்கொண்டு இழுபறி செய்தோம். அந்த முறை எனக்கு ஆட்டம் நன்றாகவே அமைந்தது. கடைசி ரவுண்டில் ஜெயித்தால் ரேட்டிங் வந்துவிடும், டிரா போதாது என்று ஆர்பிட்டரே கணக்குப் பார்த்துச் சொன்னார். ஆட்டங்களை மேற்பார்க்கும் நடுவர் அவர். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அப்போதுதான் கடைசி ரவுண்டின் ஜோடிப் பட்டியலை ஒட்டினார்கள். யார் யாரோடு ஆட வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவு செய்யும். அது உறவுமுறை பார்க்காது, ஒரே அளவு பாயின்ட் எடுத்தவர்களைச் சேர்த்துவிடும். என் பெயருக்கு எதிரே சம்பந்தியின் பெயர் இருந்தது.

சிரிப்பாக இருக்கிறதே என்று வீட்டுக்குப் போன் போட்டுச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை.

“ஏனுங்க, உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா? அடுத்த வாரம் உப்புச்சக்கரை. இன்னிக்குப் போயி அந்த மனுசன நாலு பேரு முன்னால தோக்கடிச்சுப்போட்டு வாரேங்கறீங்க.”

“நான் எங்கடி ஜெயிக்கப்போறேன்? அவருக்கு ரேட்டிங் இருக்குது.”

“அப்ப உங்களுக்குச் சிரமமே இல்லீங்களே. போயி ஒழுங்காத் தோத்துப்போட்டு வாங்க. புள்ளை மொகத்த நெனைச்சுக்கோங்க.”

கடைசியாகச் சொன்னதுதான் என்னை அடித்தது. ஃபோனை ஆர்பிட்டர் மேஜையில் ஒப்படைத்துவிட்டு உள்ளே போனேன்.

பலகைக்குப் போனால் அவர் நின்றுகொண்டிருந்தார். பெண்வீட்டுக்காரன் முதலில் உட்காருவதா என்று நானும் நின்றேன். வயதில் மூத்தவர் உட்காரட்டும் என்று அவர் நின்றார். “மொதல்ல நீங்க” என்று அவர், “நீங்க உக்காருங்க” என்று நான். சுற்றி எல்லோரும் கடிகாரத்தை அமுக்கி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஆர்பிட்டர் வந்து, “ரெண்டு பேரும் ஒட்டுக்கா உக்காருங்க சார்” என்றார். உட்கார்ந்ததும் கைகொடுக்க வேண்டும். நாங்கள் கும்பிட்டோம். கொஞ்ச நேரத்தில், “மதியம் சாப்பிட்டீங்களா?” என்று கேட்டேன். ஆட்டத்தின்போது பேசக் கூடாதென்று ஆர்பிட்டர் என்னை எச்சரித்தார். சம்பந்தி என் ராஜாவுக்கு ஒரு செக் வைத்துவிட்டு, “மன்னிச்சுக்கோங்க” என்றார். அதற்கு அவரையும் எச்சரித்தார்கள்.

வேண்டுமென்றே தோற்பது இவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் முயற்சியே இல்லாமல் செய்த காரியம். அன்றைக்கென்று நான் சும்மா வைத்த காயெல்லாம் நல்ல இடத்தில் போய் உட்கார்ந்தது. எதுவும் தோன்றாமல் யானையை ஓரத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்தினால், அது நேராக அவருடைய ராஜா இருக்கும் வரிசையைப் பார்த்து நின்றது. அவரும் தடுமாறினார். இப்படியே போனால் தவறிப்போய் ஜெயித்துவிடுவேன் போலிருந்தது. சட்டென்று ஆட்டத்தை முடித்துவிட ஒரே வழிதான் இருந்தது. குதிரையை எடுத்தேன். அவருடைய ராஜாவுக்கு முன்னால் காவல் நின்ற சிப்பாயின் வாயருகே வைத்தேன். கை விரலை எடுக்க மனமே வரவில்லை. மகளின் முகத்தை நினைத்துக்கொண்டு விரலை எடுத்தேன்.

எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்ன மனிதர், ஒரு விநாடிகூட யோசிக்காமல் என் குதிரையை எடுத்துக்கொண்டார்.

அதோடு விட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன். அவர் நாற்காலியில் சாய்ந்து, ஆர்பிட்டர் அந்தப் பக்கம் போயிருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னார்:

“பரவாயில்லீங்க சம்பந்தி. ரேட்டிங் இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வரும்.”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. குதிரையையும் கொடுத்துவிட்டு ஆறுதலையும் வாங்கிக்கொள்ள வேண்டுமா? பலகையைப் பார்த்தேன். அப்போதுதான் தெரிந்தது. என் குதிரையை எடுப்பதற்காக அந்தச் சிப்பாய் இடம் மாறியதில் அவருடைய ராஜாவுக்கு முன்னால் கதவு அகலத் திறந்து கிடந்தது. நான் தெரியாத்தனமாக நகர்த்திய யானை அந்தக் கதவுக்கு நேராக நின்றது, இடையில் என் சிப்பாய் ஒன்று மட்டும்தான். மனைவி சொன்னது, பெண்வீடு, மாப்பிள்ளை வீடு எல்லாம் மறந்துவிட்டது. சிப்பாயை விலக்கி யானையால் செக் சொன்னேன். ராணியை இறக்கினேன். மறுபடி செக். அவர் முகம் கறுத்துக்கொண்டே போனது. கடைசியில் ராஜாவுக்கு நகர இடமில்லாமல் போனபோது, அவர் ஆட்ட முடிவு எழுதும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, என்னைப் பார்க்காமல் எழுந்து போனார். டீ குடிக்கக்கூட நிற்கவில்லை.

எனக்கு ரேட்டிங் வந்துவிட்டது. பஸ்ஸில் வீடு வரும்வரை அதை நினைத்து ஒரு முறைகூடச் சந்தோஷப்படவில்லை.

மனைவி சோற்றை மட்டும் போட்டாள், குழம்பை நானே ஊற்றிக்கொண்டேன். மகள், “ஜெயிச்சீங்களாமா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த வாரம் முழுக்கத் திருச்செங்கோட்டிலிருந்து போன் வரவில்லை. போன் அடிக்கும்போதெல்லாம் மனைவி என்னைப் பார்ப்பாள், நான் கோழியைப் பார்ப்பேன். சாயங்காலம் எஞ்ஜினோடு ஆடவே பிடிக்கவில்லை. ஓர் எண்ணுக்காக மகளின் சிரிப்பை வைத்துச் சூதாடிவிட்டேனே என்று பயமாக இருந்தது.

குறித்த நாளில் வண்டிகள் வந்து நின்றன. உறவுக்காரர்கள், தட்டு ஏந்திய பெண்கள் என்று எல்லோரும் இறங்கினார்கள். எனக்கு உயிர் வந்தது. சம்பந்தி கடைசியாக இறங்கி நேராக என்னிடம் வந்தார். கையில் ஃபோன்.

“சம்பந்தி, அந்தக் குதிரை. தெனமும் எஞ்ஜின்ல போட்டுப் பாத்தனுங்க. மொதல்ல தப்புன்னுதான் சொல்லுச்சு. சித்தெ நேரம் யோசிக்க உட்டதும் அதுதான் ஒசத்தியான மூவ்னு சொல்லிப்போட்டுது. எஞ்ஜினுக்கே ஒடனே தெரியல, உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அவர் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். சாதாரண ஆளிடம் தோற்றிருந்தால் அவருக்கு அவமானம், பெரிய ஆட்டக்காரனிடம் தோற்றது பெருமை. அதனால் என்னைப் பெரிய ஆட்டக்காரனாக்குவது என்று முடிவு செய்துவிட்டிருந்தார். உப்புச்சர்க்கரை மாற்றும்போதும், பந்தியிலும், கை கழுவும் இடத்திலும் ஃபோனைக் காட்டி, “எங்க சம்பந்தி குதிரையத் தூக்கிக் குடுத்தாரு பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். போரைத் தவிர ஒன்றும் தெரியாத அவருடைய பங்காளிகள் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். என் மனைவிகூட எனக்கு இன்னொரு ஜிலேபி வைத்தாள்.

எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகள் என் பக்கத்தில் வந்து நின்றாள். புதுச் சேலை, தலை நிறையப் பூ.

“ஏனுங்கப்பா, நீங்க குதிரையக் குடுக்கற ஆளா?”

நான் ஜிலேபியைப் பார்த்தேன்.

“எனக்காகத் தோக்கப் பாத்தீங்களா?”

“ஆமாஞ்சாமி.”

 அவள் தாழ்ந்த குரலில் சொன்னாள்: “இனிமே அப்படிப் பண்ணாதீங்கப்பா. நீங்களே அவங்களுக்குத் தோத்துக் குடுத்தீங்கன்னா, அந்த ஊட்டுக்குப் போயி நானும் அப்படித்தான் இருக்கோணும்போலன்னு நெனைச்சுக்குவேன்.”

 நான் பதில் சொல்வதற்குள், “சம்பந்தி, ஒரு ஆட்டம் போடலாங்களா?” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. எங்கள் வீட்டுப் பலகையை எடுத்து அவரே காய்களை அடுக்கி வைத்திருந்தார். சுற்றிலும் பங்காளிகள் கூட்டம். மனைவி தூணோரம் நின்று, தோற்றுவிடச் சொல்லி எனக்குக் கண்ஜாடை காட்டினாள். நான் மகளைத்தான் பார்த்தேன். அவர் உட்காரட்டும் என்று காத்திராமல் போய் உட்கார்ந்தேன்.

அன்று உயிரைக் கொடுத்து ஆடி, சுத்தமாகத் தோற்றேன். குதிரைகள் இரண்டும் கடைசிவரை என்னிடமே இருந்தன.