கடைசி வாரம் வராத நாவல்

தினமும் எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் வழியில் என் மகளின் மோட்டார் சைக்கிளை லாரி இடித்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வலது கால் முறிந்திருந்தது. இப்போதும் ஸ்கூடாய் சாலையில் லாரி ஹாரன் கேட்டால் வாசலுக்கு ஓடிப் பார்க்கிறேன். அவளோ, கட்டுப் பிரித்ததும் மறுபடியும் போவேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நாள்களில்தான் அந்தப் பழைய நாவலைத் தொலைக்காட்சித் தொடராகப் போட்டார்கள்.

பெக்கோக் என்ற சிற்றூரில் நான் சிறுவனாக இருந்தபோது, அந்த நாவல் இந்தியாவிலிருந்து வரும் வார இதழில் தொடராக வந்தது. அம்மா வாராவாரம் பக்கங்களைக் கிழித்து அரிசி மூட்டைக்கு அடியில் அழுத்தி வைப்பார். எல்லாம் சேர்ந்ததும் பிஸ்கட் பெட்டி அட்டை வைத்துச் சாக்கு ஊசியால் தைத்தார். புரட்டினால் அரிசி வாசனை வரும். ஆனால் கடைசி வாரத்து இதழ் எங்கள் ஊர்க் கடைக்கு வரவே இல்லை. அப்பா ஒரு மாதம் கேட்டுப் பார்த்தார். கதையில், படகோட்டியின் மகள் இருமும் தகப்பனுக்கான மருந்துப் பொட்டலத்தோடு வெள்ளத்தில் படகைத் தள்ளுகிறாள். எங்கள் புத்தகம் அதோடு முடிந்தது.

“சேர்ந்திருப்பா. படகோட்டி மவ இல்லியா?” என்றார் அம்மா, நூலைப் பல்லால் கடித்தபடி.

எங்கள் வீட்டில் அவள் கரை சேர்ந்துவிட்டாள். என் மகளுக்கும் அப்படியே சொன்னேன். அச்சுப் புத்தகத்தைக் கடைகளில் எத்தனையோ முறை பார்த்தும் வாங்கவில்லை. தெரிந்த கதைதானே.

மகள் சோபாவில் காலை நீட்டியிருக்க, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து தொடருக்குத் தீர்ப்புச் சொன்னேன்.

“அலமாக், படகுக்காரன் வீட்ல இஸ்திரி போட்ட சேலையா?”

“பா, பாக்க விடுங்க லா. எக்ஸாம் பேப்பரா திருத்துறீங்க?”

படகோட்டியின் இருமலை மட்டும் நான் குறை சொல்லவில்லை. அம்மா படித்துக் காட்டும்போது அப்படியே இருமிக் காட்டுவார். அந்தச் சத்தம் வந்தபோதெல்லாம் பெக்கோக் வீட்டுத் தகரக் கூரையும் அம்மாவின் ஊசியும் நினைவுக்கு வந்தன.

கடைசிப் பாகத்தில் வெள்ளம் வடிந்தது. கரையில் வெறும் படகு ஒதுங்கிக் கிடந்தது. நான் எழுந்தே விட்டேன்.

“கெடுத்துட்டானுங்க! கதையையே மாத்திட்டானுங்க!”

டிவியை அணைத்தேன். மகள் என் பக்கம் திரும்பினாள்.

“மாத்தல பா. நாவல்லயும் அவ செத்துத்தான் போறா. ஃபார்ம் ஃபைவ் படிக்கிறப்போ ஸ்கூல் லைப்ரரில எடுத்துப் படிச்சேன்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க அவளக் கரையில சேத்துட்டு நிம்மதியா இருந்தீங்க. எதுக்குக் கெடுக்கணும்?”

மறுபடியும் டிவியைப் போடச் சொன்னாள். போட்டேன். வெறும் படகை நெடுநேரம் காட்டினார்கள். நன்றாகத்தான் எடுத்திருந்தார்கள். இத்தனை நாள் குறை சொன்ன நான்தான் நாவலை முடிக்காதவன்.

வேண்டாம் என்று சொல்ல வைத்திருந்த வார்த்தையை விட்டுவிட்டு வேறொன்று கேட்டேன்.

“கட்டுப் பிரிச்சா, மோட்டார்லயா போவ?”

“கொஞ்ச நாள் பஸ்ல போறேன். விடியக்காலையில ஸ்டாப்ல கொண்டுபோய் விடுவீங்களா?”

“விடுறேன். ஆனா அந்தப் பக்கம் சேர்ந்ததும் மெசேஜ் போடணும்.”

“‘சேர்ந்திருப்பா’ன்னு நீங்களா நெனச்சுக்கக் கூடாதா?” என்று சிரித்தாள்.

“கூடாது,” என்றேன்.