பூனாகலை ஃபெக்டரியில் ஒபெரா பார்க்கப் போகிறவர்களுக்கு

ஒபெரா பார்ப்பதற்காக யாரும் பூனாகலைக்குப் போவதில்லை. போன சனிக்கிழமை நான் போனதற்குக் காரணம் சசி. என்னோடு பொறியியல் படித்து, கிடைத்த வேலையை விட்டுவிட்டுப் பாடப் போனவன். அதற்காக அவன் அம்மா இரண்டு வருடமாக அவனோடு பேசுவதில்லை. அவர் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி. "அம்மா வர்றாங்களாம். பக்கத்துல உக்காந்து, பாதியில எந்திரிச்சுப் போகாம பாத்துக்க" என்று செய்தி அனுப்பியிருந்தான்.

பதுளையில் 11.20 பஸ் 11.55க்குத்தான் கிளம்பியது. பண்டாரவளை முப்பது கிலோமீற்றர், ஒன்றரை மணி நேரம். பூனாகலை பஸ் போய்விட்டதால் த்ரீவீல், 2,400 ரூபாய். ஓட்டிய முஸ்லிம் நானாவிடம், மூடிக் கிடக்கும் தேயிலை ஃபெக்டரியில் கிரேக்கக் கதையைப் பாடுகிறார்கள் என்றேன். "இங்க உள்ள கதை பத்தாதா தம்பி?" என்றார்.

மூன்று மணிக் காட்சி 3.40க்குத் தொடங்கியது. நாலு வாத்தியம், மூன்று பாடகர்கள், மைக் கிடையாது. மேலே தகரக் கூரை. ஊவா மாகாணத்து மழையை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தமிழில்தான் பாடினார்கள், பாதி கேட்கவில்லை. அதே தோட்டத்தில் அரை நாள் கொழுந்தெடுத்துவிட்டு வந்த சசியின் அம்மாவின் காதில் நானே கதை சொன்னேன்: செத்த மனைவியைப் பாதாளத்திலிருந்து கூட்டி வருகிறான் பாடகன். வெளிச்சத்துக்கு வரும்வரை திரும்பிப் பார்த்தால் அவள் போய்விடுவாள். அம்மா கைப்பையை மடியில் வைத்து, கிளம்பத் தயாராகவே இருந்தார்.

கடைசியில், அந்தப் பாடகனாக நடித்த சசி எங்கள் நடுவே வாசலை நோக்கி நடந்தான். பின்னால் மனைவியாக நடித்த பெண். வாசலுக்கு ஓரடி இருக்கும்போது அம்மா எழுந்துவிட்டார். போகிறார் என்று நினைத்து முந்தானையைப் பிடித்தேன். தட்டிவிட்டார்.

"திரும்பாத ராசா."

மழையை மீறி எல்லோருக்கும் கேட்டது. சசி ஒரு கணம் நின்றான். பிறகு, எழுதியிருந்தபடியே, திரும்பினான்.

முடிந்ததும் அம்மா நேரே அவனிடம் போனார். "ஒரு எட்டு வச்சிருந்தா அந்தப் புள்ள வெளிய வந்திருக்கும்ல?"

"கத அப்புடித்தாம்மா."

"கதய எவனோ எழுதுனான். நடந்தது நீதானே?"

ஐந்தேகால் பஸ்ஸும் போய்விட்டது. அவர் நிறுத்துவதாக இல்லை.

போகிறவர்கள் குடை கொண்டு போங்கள். இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்கம் ஒழுகும். போகவே வேண்டுமா என்று கேட்டால், அந்தக் கூரையின் கீழ் வேண்டாம். மறுநாள் இதையே பண்டாரவளை மண்டபத்தில் பாடினார்கள், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. அம்மாவும் வந்து முன்வரிசையில் இருந்தார். சசி மறுபடியும் திரும்பினான். பூனாகலை பஸ் வரும்வரை, விட்ட இடத்திலிருந்து திட்டினார்.